கயிற்றில் நடந்த கூட்டம்

புதிதாக நியமனம் பெற்ற கிராம உத்தியோகத்தர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது கேட்டவர்களுக்கே தெரியும். வதிவிடச் சான்றிதழ் கொடுப்பது எப்படி, வாக்காளர் இடாப்பைத் திருத்துவது எப்படி என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் தொடப்போவதில்லை. ஒரு பொது விசயத்துக்காக ஊர் முழுக்கக் கூடி நிற்கும்போது, ஜி.எஸ். என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்க்கிற நேரம் ஒன்று வரும். அந்த நேரத்துக்குச் சுற்றறிக்கை கிடையாது. எனக்கு அது வந்த நாளைப் பற்றி எழுதுகிறேன். பெருமைக்காகத்தான் எழுதுகிறேன், அதை ஏன் மறைக்கவேண்டும்?

திருகோணமலைப் பட்டினத்தை விட்டு நிலாவெளி வீதியில் போனால் வருகிற ஒரு கரையோரக் கிராமம் அது. பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே தொலைபேசியில் பிடித்து, எங்களை ஏன் எழுத்தில் இழுத்தாய் என்று ஏசுவார்கள். நான் அப்போது வயல் ஊரான தம்பலகாமத்திலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. யானை வந்த கதையும் வாய்க்கால் வெட்டின சண்டையும் கேட்டுப் பழகிய காதுக்குக் கடற்கரை புதிது.

அந்த ஊரின் பெரிய பொது விசயம் பாலர் பாடசாலை. கடலுக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டிலில் அது நடந்தது. வாடைக் காற்றில் கடல் ஏறினால் பிள்ளைகள் இருக்கிற பாய் நனைந்துவிடும். வெயில் காலத்தில் தகரம் கொதிக்கும். அதை நடத்தியவர் யோகா ரீச்சர். கட்டையான மனுசி, கணீரென்ற குரல், எந்த அரசாங்கக் கந்தோருக்குள்ளும் செருப்புச் சத்தத்தோடு நுழைவார். ஒரு கட்டடத்துக்காக அவர் ஏறாத படியில்லை. கடைசியில் கொழும்பில் இருந்த ஒரு நிறுவனம் கட்டித் தர ஒத்துக்கொண்டது. காணி மட்டும் நாங்கள் காட்டவேண்டும்.

எனக்கு முன்னால் இருந்த உத்தியோகத்தர் காட்டிவிட்டுத்தான் போயிருந்தார். கடற்கரையில், ஊருக்கு நேரே, பரந்த வெறும் மணல். அரச காணி, வழக்கு வில்லங்கம் இல்லை. அவர் போய்ப் பார்த்தது மார்கழி மாதம். வாடைக் காலத்தில் கிழக்குக் கரையில் கரைவலை கிடையாது. வாடி என்கிற மீனவர் கொட்டிலைப் பிரித்து, தோணியை மேலே ஏற்றி, கயிறு வலை எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பார்த்தவர் கண்ணுக்கு அது ஒருவரும் பாவிக்காத நிலமாகத்தான் தெரிந்திருக்கும். எல்லைக்கு முளைக்கட்டை அடித்தார்கள். மணல் மூடிவிட்டது.

நான் வந்து பொறுப்பெடுத்தபோது அடிக்கல் நாட்டு விழாவுக்கு நாள் குறித்து, அழைப்பும் போய்விட்டது. அன்று கல் வைக்காவிட்டால், வரிசையில் நிற்கிற வேறொரு ஊருக்குக் கட்டடம் போய்விடும் என்று நிறுவனத்தார் முன்பே சொல்லியிருந்தார்கள்.

விழா நாள் காலையில் பந்தலடியில் நிற்கிறேன். கதிரை அடுக்கியாயிற்று, நிறைகுடம் வைத்தாயிற்று. யோகா ரீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வரவேற்புப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வைத்துக்கொண்டிருக்கிறார். அப்போது மணலில் நடந்து வந்தார் இராசு சம்மாட்டி. அந்தக் கரையின் வலைக்குச் சொந்தக்காரர், யோகா ரீச்சரின் கூடப் பிறந்த அண்ணன். அதிகம் பேசாத மனிதர். என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"மிஸ், இண்டைக்கு வலை வளைக்கிறேல்லை எண்டு தங்கச்சிக்கு வாக்குக் குடுத்தனான். இப்ப பாரை வந்து நிக்குது. இந்த வரியம் எங்களுக்கு ஒழுங்கா ஒரு மீன் பட்டதில்லை. பெடியள் என்ர முகத்தைப் பாக்கிறாங்கள். நீங்கள் வேண்டாமெண்டால் போடேல்லை."

கடலைப் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும்? கொஞ்சத் தூரத்தில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. தோணிக்குப் பக்கத்தில் அவருடைய ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை, ஆனால் எல்லாருடைய காதும் இங்கேதான் இருந்தது.

வலை எங்கே கரைக்கு வரும் என்று கேட்டேன். அவர் நாடியை உயர்த்திப் பந்தலைக் காட்டினார். கரைவலையைப் பற்றி எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோணி வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் இரண்டு கூட்டம் கரையில் நின்று இழுக்கும். முதலில் வெகு தூரத்தில் நிற்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் கிட்டக் கிட்ட வரும். கடைசியில் இரண்டு கயிறும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, நடுவில் மீனோடு வலையின் பையான மடி கரையேறும். மடி ஏறுகிற இடத்தில்தான் எங்கள் பந்தல் நின்றது. அந்த இடத்தில்தான் கட்டடமும் வரப்போகிறது.

கொஞ்சம் தள்ளி இழுக்க முடியாதா என்று கேட்டேன். வடக்கே கற்பாறை, தெற்கே ஹொட்டேல் மதில், இந்தக் கரை ஒன்றுதான் என்றார்.

"அப்ப கட்டடம் எழும்பினாப் பிறகு எங்கை இழுப்பியள்?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இழுக்கிறேல்லை, மிஸ்."

பிறகு ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். தங்கச்சி வந்து கேட்டாள், நான் ஓம் என்றுவிட்டேன், அவ்வளவுதான் என்றார். இவ்வளவு பேர் இழுக்கிற வலை, ஊரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லையா என்று கேட்டேன். அவருக்குப் பின்னால் வந்து நின்ற, தோணி ஓட்டுகிற தண்டல்காரர்தான் பதில் சொன்னார், அண்ணனும் தங்கச்சியும் கதைத்து முடித்த விசயத்துக்குள் நாங்கள் எப்படி வாய் வைக்கிறது என்று.

இதுதான், பிள்ளைகளே, எங்கள் ஊர்களின் மரியாதை. ஒருவர் மனம் நோகக்கூடாது என்று எல்லாரும் பேசாமல் இருந்து, எல்லார் வயிற்றிலும் அடிப்பார்கள். கூட்டத்தில் எதிர்ப்பு வரவில்லை என்றால் எல்லாருக்கும் சம்மதம் என்று எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். யார் வாயை மூடிக்கொண்டிருக்கிறார், யாருக்காக மூடிக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள்.

அந்த இடத்தில் எனக்கு இலகுவான வழி ஒன்று இருந்தது. வேண்டாம், விழா முடியட்டும் என்று சொல்லியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். விழா அழகாக நடந்திருக்கும். என்னை ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது, காணி காட்டியது நானில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒருவரும் உங்களைக் குறை சொல்ல முடியாத முடிவு கைக்குள் வந்து விழுந்தால் இன்னொரு தரம் யோசியுங்கள்.

"வலையைப் போடுங்கோ," என்றேன். "ரீச்சரோட நான் கதைக்கிறன்."

அவர் திரும்பி ஓடியதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அந்த வயதில் அந்த ஓட்டம்.

யோகா ரீச்சரோடு கதைப்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. தோணி இறங்குவதைக் கண்டதுமே அவர் பாட்டை நிறுத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் விசயத்தைச் சொன்னேன். கட்டடம் எழும்பினால் அண்ணன் வலையை விடப்போகிறார் என்றதும் முன்வரிசைக் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார். தான் கேட்டபோது அண்ணன் முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை என்றார். வேறு கரை பார்த்திருப்பார் என்று நினைத்தாராம். பிறகு கோபம் வந்தது. அண்ணன்மேல், ஊர்மேல், கடைசியில் என்மேல்.

"எல்லாருக்கும் பாவம் பாக்கிறியள். என்ர பிள்ளையளுக்கு ஆர் பாக்கிறது? இண்டைக்குக் கல்லு வைக்காட்டில் இந்த ஊருக்கு இனிப் பள்ளிக்கூடம் இல்லை, மிஸ்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்தப் பிள்ளைகள் பந்தலுக்குக் கீழே மொட்டுப்போல நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீதிக்கு அந்தப் பக்கம் தன் சீதனக் காணி இருக்கிறது, அதைத் தருகிறேன், இப்போதே எழுதுங்கள் என்றார். நான் மாட்டேன் என்றேன். அழுகிற நேரத்தில் ஒருவர் கொடுக்கிற காணியை ஒருநாளும் வாங்காதீர்கள். சீதனம் கொடுக்க அவருக்கும் ஒரு மகள் இருந்தாள்.

ஆனால் வீதிக்கு அந்தப் பக்கம் என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அங்கே கடற்றொழிலாளர் சங்கத்தின் ஏலக் கொட்டகை சும்மா கிடந்தது. சுனாமிக்குப் பிறகு யாரோ கட்டிக் கொடுத்தது. அதில் ஒருநாளும் ஏலம் நடந்ததில்லை, ஆடுகள்தான் படுத்தன. காணி சங்கத்தின் பெயரில் இருந்தது. அங்கத்தவர்கள் கூடி ஓம் என்றால் போதும்.

நான் சொன்னதும் ரீச்சர் அந்த அழுகைக்குள்ளும் சிரித்துவிட்டார். ஊரில் இரண்டு தெரு. மேலத் தெருக்காரருக்கு அந்தக் கொட்டகையை ஒரு வியாபாரிக்கு வாடகைக்கு விடவேண்டும். கீழத் தெருக்காரருக்கு அதைக் கிழிந்த வலை பொத்துகிற மண்டபமாக்கவேண்டும். கொட்டகை என்ற சொல் வந்த உடனே ஏதாவதொரு தெரு கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விடும். கூட்டம் கலைந்துவிடும். எத்தனையோ வருசமாக இதுதான் நடக்கிறது. அவர்களை ஓரிடத்தில் இருத்தவே ஏலாது, மிஸ் என்றார் ரீச்சர்.

நான் கடற்கரையைப் பார்த்தேன். தோணி வலையை வளைத்துவிட்டுக் கரைக்கு வந்துவிட்டது. வடக்குக் கயிற்றைப் பிடித்து நின்றது மேலத் தெரு. தெற்குக் கயிற்றில் கீழத் தெரு. அது அவர்களுடைய பழைய வழக்கம். சங்கத் தலைவர் வடக்கில், சங்கச் செயலாளர் தெற்கில், அங்கத்தவர்கள் அத்தனை பேரும் கயிற்றில். பாரை நிற்கிற வலையின் கயிற்றை விட்டுவிட்டு எழும்பிப் போகிற மீனவன் உலகத்தில் இல்லை.

இந்த இடத்தில் என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் வடக்குக் கயிற்றுக்குப் போனேன். அவர்கள் பின்பக்கமாக அடி வைத்து இழுக்க, நானும் பக்கத்தில் பின்பக்கமாக நடந்துகொண்டே கதைத்தேன். தலைவருக்கு நான் எங்கே வருகிறேன் என்று உடனே விளங்கிவிட்டது. கூட்டம் என்றால் மண்டபத்தில் வைக்கவேண்டும் என்றார். மண்டபத்தில் வைத்தால் இருப்பீர்களா என்று கேட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கட்டடத்தையும் சொன்னேன், வலையையும் சொன்னேன், சம்மாட்டி தங்கச்சிக்காக எதை விடப் பார்த்தார் என்பதையும் சொன்னேன். பிறகு தலைவர் கேட்டார்.

"தெற்குக் கயிறு என்ன சொல்லுது?"

தெற்குக் கயிற்றுக்கு ஓடினேன். அங்கேயும் அதே கதை. செயலாளர் கேட்டதும் அதேதான், வடக்குக் கயிறு என்ன சொல்கிறது என்று. இரண்டு பக்கத்துக்கும் மனம் இருந்தது. முதலில் ஓம் என்கிற தெரு மற்றத் தெருவுக்குப் பணிந்ததாகிவிடும், அதுதான் சிக்கல். இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒரு பக்கத்தை அமுக்கியிருந்தால் எல்லாம் போயிருக்கும். நான் திரும்பி வந்து பந்தலடியில் நின்றேன்.

அதற்குள் விருந்தினர்களும் வந்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த நிறுவனத்து அம்மையார் ஒருவர், அவரோடு எனக்கு மேலே இருந்த அதிகாரி. இரண்டு பக்கமும் மனிதர்கள் கத்திக்கொண்டு பந்தலை நோக்கிப் பின்பக்கமாக வருவதைப் பார்த்து அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள் என்றார். நிறுத்தினால் மீன் போய்விடும் ஐயா, நாங்கள்தான் கொஞ்சம் பொறுக்கவேண்டும் என்று சொல்லி அவருக்கு ஒரு கதிரையைக் காட்டினேன். அவர் இருக்கவில்லை. அந்த அம்மையாரிடம் நானே போய், கல் வைக்கிற இடம் மாறலாம், ஊர் மாறாது, மடி ஏறும்வரை அவகாசம் தாருங்கள் என்று கேட்டேன். அவர் கடலைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், தலையாட்டினார்.

பந்தல் நடுவில் நின்றது. அதைப் பிடுங்கவேண்டும். ரீச்சரைப் பார்த்தேன். அவர் முதல் கம்பைத் தன் கையால் அசைத்துப் பிடுங்கினார். பிறகு தாய்மார் எல்லாரும் இறங்கினார்கள். கதிரை, நிறைகுடம், ஒலிபெருக்கி எல்லாம் வீதிப் பக்கம் போயிற்று. இரண்டு கயிறும் இப்போது ஒரு முற்றத்து அகலத்துக்குக் கிட்ட வந்துவிட்டன. மேலத் தெருவும் கீழத் தெருவும் முகத்துக்கு முகம்.

கயிறு இழுக்கும்போது அம்பா பாடுவார்கள். ஒருவர் முன்பாட்டு எடுக்க, இரண்டு கயிறும் ஒன்றாகப் பதில் சொல்லி, அந்தப் பதிலோடு ஒன்றாக இழுக்கும். முன்பாட்டு எடுத்துக்கொண்டிருந்தவர் இராசு சம்மாட்டி. நான் அவர் காதுக்குள் சொன்னேன், கேள்வியை நீங்கள் கேளுங்கள் என்று. மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தனக்காகக் கேட்பதாகிவிடுமே என்ற பார்வை. உங்களுக்காக இல்லை, பிள்ளைகளுக்காக என்றேன். அவர் வீதிப் பக்கம் நிற்கிற தங்கச்சியைப் பார்த்தார். பிறகு அம்பாவின் மெட்டிலேயே எடுத்தார்.

"கொட்டகையைப் பள்ளிக்குக் குடுப்பமோ?"

கயிறு விறைத்து நின்றது.

பிறகு இரண்டு கயிறும் ஒரே குரலில் ஓம் என்றன. ஓம் என்று இழுத்தன. அவர் இன்னொரு தரம் கேட்டார், இன்னொரு ஓம், இன்னொரு இழுவை. எந்தத் தெரு முதலில் சொன்னது என்று இன்றுவரை ஒருவராலும் சொல்ல முடியாது. அந்தச் சத்தம் இப்போது நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. கொழும்பு அம்மையார் சப்பாத்தைக் கழற்றிப்போட்டுவிட்டு வந்து கயிற்றில் கை வைத்தார். நானும் வைத்தேன். அதிகாரி வைக்கவில்லை. விருந்தினர் கதிரை இருந்த இடத்தில் மடி ஏறியது. வெள்ளிப் பாரை துள்ளித் துள்ளிப் பிள்ளைகளின் காலில் விழுந்தது.

கல்லை வீதிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஆடுகளை விரட்டிவிட்டு வைத்தோம். சுபநேரம் தாண்டிவிட்டதே என்று பூசைக்கு வந்திருந்த ஐயரைக் கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, பின்னேரத்தில் இன்னும் நல்ல நேரம் ஒன்று இருக்கிறது என்றார். நல்ல மனிதர்.

அடுத்த நாள் அதிகாரி என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார், கொடுத்தேன். அது உங்களுக்கும் வரும், பயப்படாதீர்கள். ஆனால் ஒரு விசயத்தை மறக்கவேண்டாம். கயிற்றைப் பிடித்திருக்கிறவர் சொல்கிற ஓம், கை விட முடியாதவர் சொல்கிற ஓம். அதை வைத்துக்கொண்டு நான் காணியை எடுத்திருந்தால் அது தந்திரம். ஆகவே அடுத்த வாரம் மண்டபத்தில் முறைப்படி கூட்டம் வைத்தேன். கதவைத் திறந்தே வைத்தேன். வேண்டாம் என்கிறவர்கள் இப்போது சொல்லலாம், எழும்பிப் போகிறவர்கள் போகலாம் என்றேன். கொட்டகை என்ற சொல்லை வேண்டுமென்றே மூன்று நாலு தரம் சொன்னேன். இரண்டு தெருவும் இருந்தபடி இருந்து கை உயர்த்தின.

கட்டடம் எழும்பி, திறப்பு விழா வந்தது. அதுவும் கரைவலைக் காலம். இந்த முறை பெரிய விருந்தினர், அவசரமான மனிதர், வேறு இரண்டு விழாவுக்கும் போகவேண்டியவர். ஐயர் நேரம் குறித்திருந்தார். குத்துவிளக்கு தயாராக நின்றது. முதல் திரியைக் கொளுத்தவேண்டியது இராசு சம்மாட்டி என்று யோகா ரீச்சர் முடிவு செய்திருந்தார். சம்மாட்டியைக் காணவில்லை. காலையில் மீன் கண்டு வலை போட்டுவிட்டார்களாம். மடி ஏற இன்னும் நேரம் இருந்தது.

விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்க முன்னமே ரீச்சர் ஒலிவாங்கியை வாங்கினார். பழைய ரீச்சராக இருந்திருந்தால், நேரம் போகிறது, யாராவது கொளுத்துங்கள் என்றிருப்பார்.

"அண்ணை கயித்தில நிக்கிறார்," என்றார். "அவர் வந்துதான் விளக்குக் கொளுத்துறது. அவசரமெண்டால் நீங்கள் போயிட்டு வாங்கோ, ஐயா. நாங்கள் இருக்கிறம்."

விருந்தினர் போய்விட்டார். நாங்கள் இருந்தோம். புதுக் கட்டடத்தின் யன்னலால் அம்பாச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் சம்மாட்டி இடுப்பில் கட்டிய சரத்தில் மணலோடு, கையில் மீன் செதிலோடு ஓடிவந்து வாசலில் தயங்கி நின்றார். ரீச்சர் இறங்கிப் போய் அந்த ஈரக் கையை அப்படியே பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார்.